முதல் நிரல்மொழி எது, எங்கே கற்பது: தொடக்கநிலையினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதாதவர்களுக்கும், நாலைந்து முறை தொடங்கிப் பாதியில் விட்டவர்களுக்கும் இந்தப் பக்கம். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கேள்வி எங்கே இருக்கிறதோ நேராக அங்கே போங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த மொழியில் தொடங்குவது?

பைத்தான்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. வலைப்பக்கம் செய்வதுதான் உங்கள் ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். கல்லூரியிலோ வேலையிலோ ஏற்கெனவே ஒரு மொழியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் அந்த மொழியே போதும், கூடவே இன்னொன்றைத் தொடங்க வேண்டாம். இதில் நீங்கள் எந்த ரகம் என்று யோசிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மொழி சிறந்தது என்று ஒப்பிடும் வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் இருப்பவர்கள் ஏராளம். அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது ஏதோ கற்றுக்கொள்வது போலத்தான் இருக்கும், அதுதான் சிக்கல்.

ஏன் பைத்தான்?

திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் அது ஒரே வரி. சி மொழியில் அதற்கு முன்னால் ஒரு ஹெடர் கோப்பைச் சேர்க்க வேண்டும், மெயின் என்ற ஃபங்ஷனை, அதாவது பெயரிட்ட ஒரு நிரல் பகுதியை, எழுத வேண்டும், அப்புறம் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஜாவாவின் வழக்கமான வடிவத்தில் ஒரு கிளாஸே எழுத வேண்டும். பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு என்று வரும் சொற்களுக்கு ஆசிரியர், "இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், பின்னால் சொல்கிறேன்" என்பார். முதல் நாளிலேயே புரியாத சொற்களை மந்திரம் போல எழுதிப் பழகுவது நல்லதல்ல. பைத்தானில் முதல் வாரத்தில் நீங்கள் எழுதும் எல்லாவற்றுக்கும் உங்களால் காரணம் சொல்ல முடியும்.

இது தற்செயலாக அமைந்ததும் அல்ல. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஏபிசி என்ற மொழியின் உருவாக்கத்தில் வேலை செய்தவர். தொழில்முறை நிரலாளர் அல்லாதவர்களும் எளிதாகக் கற்க வேண்டும் என்று வடிவமைத்த மொழி ஏபிசி. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியைக் கொண்டே எது எதற்குள் அடங்குகிறது என்று காட்டும் முறை பைத்தானுக்கு அங்கிருந்து வந்தது. பைத்தானின் முதல் வெளியீடு 1991-ல். வயதான மொழிதான், ஆனால் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021-ல் வந்த 3.10 பதிப்பு முதல் அதன் பிழைச் செய்திகள் எவ்வளவோ தெளிவாகிவிட்டன. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் முன்பு எங்கோ தள்ளி வேறொரு வரியைக் குறை சொல்லும். இப்போது திறந்த குறி எங்கே இருக்கிறது என்று சரியாகக் காட்டுகிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பைத்தான் வேகமான மொழி அல்ல. கைபேசிச் செயலி செய்ய அதைப் பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெரிய விளையாட்டுகளுக்கும் உதவாது. ஆனால் ஒரு ஃபோல்டரில் கிடக்கும் நானூறு புகைப்படங்களுக்குத் தேதிவாரியாகப் பெயர் மாற்றுவது, ஒரு பெரிய எக்செல் கோப்பிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுப்பது போன்ற வேலைகளைச் சில பத்து வரிகளில் முடிக்கலாம். கற்கத் தொடங்கிய சில வாரங்களில் உங்கள் சொந்த வேலை ஒன்றை நிரல் செய்து முடிப்பதைப் பார்த்தீர்கள் என்றால், அதற்கப்புறம் உங்களை யாரும் உந்தித் தள்ள வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டை எப்போது தேர்ந்தெடுக்கலாம்?

செய்வது உடனே கண்ணுக்குத் தெரிந்தால்தான் உங்களுக்கு ஆர்வம் வரும் என்றால். பட்டனை அழுத்தினால் நிறம் மாற வேண்டும், படம் நகர வேண்டும், செய்ததை நண்பருக்கு ஒரு லிங்க்காக அனுப்ப வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல மொழி இல்லை. எதையும் நிறுவவும் வேண்டாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் பெரும்பாலான கணினிகளில் எஃப்12 விசையை அழுத்திக் கன்சோல் என்ற பகுதிக்குப் போனால் அங்கேயே எழுதிப் பார்க்கலாம்.

ஆனால் அதோடு பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் இரண்டும் சேர்ந்தே வரும். ஒரே நேரத்தில் மூன்றைப் பழகுவது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொழியிலும் சில கோணல்கள் உண்டு. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. மேற்கோள் குறிக்குள் உள்ள 5 என்ற எழுத்தோடு 1 என்ற எண்ணைக் கூட்டினால் 51 என்று விடை வரும். அதே எழுத்திலிருந்து 1-ஐக் கழித்தால் 4 வரும். எந்தத் தர்க்கத்தில் இது சரி என்று விளக்க முடியும், ஆனால் முதல் வாரத்தில் அந்த விளக்கம் உங்களுக்குத் தேவையில்லை. பைத்தான் இப்படிப்பட்ட இடத்தில் தானாக ஊகிக்காமல் நின்று, பிழை என்று சொல்லிவிடும்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றா?

இல்லை. ஜாவா அந்தக் காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டதால் பெயரை ஒட்டவைத்தார்கள். இரண்டும் தனித்தனி மொழிகள்.

"சி தெரியாமல் நிரலாக்கம் கற்பது அஸ்திவாரம் இல்லாத கட்டடம்" என்கிறார்களே?

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் நீடிக்கிறது. டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வகத்தில் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழி இன்றும் அடியில் இருந்து எல்லாவற்றையும் தாங்குகிறது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கருநிரல் சி-யில்தான் பெரும்பகுதி எழுதப்பட்டது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானே சி-யில் எழுதப்பட்ட ஒரு நிரல்தான். நினைவகம் எப்படி இருக்கிறது, ஒரு எண் எத்தனை பைட் எடுத்துக்கொள்கிறது என்பதையெல்லாம் சி உங்களைப் பார்க்கவைக்கும். அது பயனுள்ள அறிவு, சந்தேகமில்லை.

ஆனால் முதலில் தேவைப்படும் அறிவு அது இல்லை. தொடக்கத்தில் உங்களுக்குப் பழக வேண்டியது ஒரு சிக்கலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது. அதைப் பழகும் நேரத்தில் சி உங்களிடம் வேறு கணக்குகளையும் கேட்கும். பத்து இடங்கள் உள்ள ஒரு வரிசையில் பதினோராவது இடத்தில் எழுதினால் சி தடுக்காது. சில சமயம் நிரல் நன்றாக ஓடுவது போலவே தெரியும், பிறகு சம்பந்தமே இல்லாத வேறிடத்தில் நொறுங்கும். தவறு நிகழ்ந்த இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. புதியவர் இதில் மாட்டிக்கொண்டால் "எனக்கு இது வராது" என்ற முடிவுக்கு வருவாரே தவிர, நினைவக இடங்களைச் சுட்டிக்காட்டும் பாயின்டர்களைக் குறை சொல்ல மாட்டார்.

இரண்டாவது மொழியாக சி அருமையான தேர்வு. மின்னணுச் சாதனங்கள், ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கம் போக வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் முதலிலேயே சி-யை எடுக்கலாம், கொஞ்சம் பொறுமையோடு.

கைபேசிச் செயலி, விளையாட்டு, தரவு ஆய்வு... இவற்றுக்கு?

ஆண்ட்ராய்டுக்கு கோட்லின், ஐபோனுக்கு 2014-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட். இரண்டையும் முதல் மொழியாகவே கற்கலாம், மொழிகள் நல்லவை. சுற்றியுள்ள மென்பொருள்கள்தான் கனமானவை. ஸ்விஃப்டில் ஐபோன் செயலி செய்ய நடைமுறையில் மேக் கணினி வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விளையாட்டுக்கு யூனிட்டி என்றால் சி ஷார்ப், அன்ரியல் என்றால் சி பிளஸ் பிளஸ். கோடோ என்ற திறந்தமூல எஞ்சினில் பைத்தானைப் போலவே தோற்றமளிக்கும் ஜிடிஸ்கிரிப்ட் இருக்கிறது. தனியாக ஒரு சின்ன விளையாட்டு செய்து பார்க்க விரும்புபவருக்கு அதையே சொல்வேன். ஆர்டுயினோ போர்டுகளில் விளக்கை எரியவிட, மோட்டாரைச் சுற்றவிட எழுதுவது சி பிளஸ் பிளஸ் சார்ந்த மொழி.

தரவு ஆய்வுக்குப் பைத்தானோடு, தரவுத்தளங்களிலிருந்து தகவலைக் கேட்டு வாங்கும் எஸ்கியூஎல் மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டும். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த இந்த மொழியைப் பலரும் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தகவல் சேமிக்கப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இதுதான் பேசப்படுகிறது என்றே தோன்றும், அவ்வளவு பரவல். அடிப்படை எஸ்கியூஎல் சில நாட்களில் கைவரும்.

தவறான மொழியில் தொடங்கினால் கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளுமா?

கணினியியலின் பெரிய பெயர்களில் ஒருவரான டைக்ஸ்ட்ரா 1975-ல் பேசிக் மொழியைப் பற்றி இதைத்தான் கடுமையாக எழுதினார்: பேசிக் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று. அதற்குப் பிறகு வீட்டுக் கணினிகள் வந்தன, அவற்றைத் திறந்ததும் பேசிக்தான் இருந்தது, ஒரு தலைமுறையே அதில் தொடங்கியது. அவர்களில் பலர் நல்ல நிரலாளர்களாகத்தான் ஆனார்கள். பழக்கங்கள் மாறக்கூடியவை.

மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் வேரியபிள், நிபந்தனை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப், ஃபங்ஷன், பட்டியல் ஆகியவை ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் உண்டு. இவற்றை ஒரு மொழியில் உண்மையாகக் கற்றவருக்கு இரண்டாவது மொழியில் எழுத்து வடிவம்தான் புதிது. முதல் மொழிக்கு ஆறு மாதம் எடுத்தவர் இரண்டாவதில் சில வாரங்களில் தடுமாறாமல் எழுதத் தொடங்குவது சாதாரணம். மோசமானது பாதியில் மாறிக்கொண்டே இருப்பது. பைத்தானில் லூப் வரை, அப்புறம் ஜாவாவில் லூப் வரை, அப்புறம் ரஸ்ட் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதிலும் லூப் வரை. இவருக்கு மூன்று மொழிகளில் லூப் தெரியும், ஒரு நிரலும் எழுதத் தெரியாது.

வேலை கிடைக்க எது நல்லது?

"அதிகம் பயன்படும் மொழிகள்" பட்டியல்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை அளக்கிறது. டியோபி பட்டியல் தேடுபொறி முடிவுகளை எண்ணுகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆண்டுக் கணக்கெடுப்பு, பதில் சொல்ல முன்வந்தவர்களை மட்டும் கேட்கிறது. இரண்டிலும் உங்கள் ஊரில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் இல்லை. நீங்கள் போக விரும்பும் வேலையின் விளம்பரங்களை ஒரு இருபது எடுத்துப் படியுங்கள். எந்த மொழிப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். 1959-ல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன, ஆகவே "இந்த மொழி செத்துவிட்டது" என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

கணிதம் நன்றாக வர வேண்டுமா?

தொடக்கத்துக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தால் மீதி என்ன என்பது போதும். முப்பரிமாண விளையாட்டு, இயந்திரக் கற்றல் பக்கம் போனால் வெக்டர், நிகழ்தகவு எல்லாம் வரும். அப்போது தேவை தெரிந்து படிப்பீர்கள், அது எளிது.

ஆங்கிலம் தடுமாற்றம். முடியுமா?

முடியும். பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35 தான். ஒரு வாரத்தில் பழகிவிடும். அடிக்கடி வரும் பிழைச் செய்திகளும் பத்துப் பதினைந்துக்குள் அடங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பைத்தான் 3-ல் வேரியபிளுக்குத் தமிழ் எழுத்துகளிலேயே பெயர் வைக்கலாம். "மதிப்பெண்" என்று ஒரு வேரியபிள் வைத்து எழுதிப் பாருங்கள், ஓடும். தொடக்கப் பயிற்சிகளில் இது உண்மையிலேயே உதவுகிறது, எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்ற குழப்பமே வராது. பிறரோடு சேர்ந்து எழுதும்போது ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளலாம். முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற மொழியும் இருக்கிறது. கணியம் தளத்தில் பைத்தான், எஸ்கியூஎல், லினக்ஸ் பற்றித் தமிழில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது.

ஆனாலும் ஆங்கில ஆவணங்களைப் படிக்கும் நாள் ஒன்று வரும். அதற்கு இலக்கண ஆங்கிலம் வேண்டாம். எடுத்துக்காட்டு நிரலை முதலில் பார்த்து, அது என்ன செய்கிறது என்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே உள்ள பத்தியைப் படியுங்கள். பாதி தானாகப் புரியும்.

குழந்தைகளுக்கு?

ஸ்கிராட்ச். எம்ஐடி மீடியா லேப் 2007-ல் பொதுவில் வெளியிட்டது. 8 முதல் 16 வயதுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. தட்டச்சு இல்லை, கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். பெரியவர்கள் தொட்டால் குற்றமில்லை, ஹார்வர்டின் சிஎஸ்50 பாடமே முதல் வாரத்தை ஸ்கிராட்ச்சில்தான் தொடங்குகிறது.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்? கைபேசியில் கற்கலாமா?

பத்து வருடப் பழைய லேப்டாப் போதும். தொடக்கப் பயிற்சிகள் கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு செயலி உண்டு, அல்லது உலாவியிலேயே ஓடும் கூகுள் கோலாப் உண்டு. ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோள் குறியும் தொடுதிரையில் தேடித் தேடி அடிப்பது பொறுமையைச் சோதிக்கும். ஒரு புளூடூத் கீபோர்டு கிடைத்தால் நிலைமை வெகுவாக மாறும்.

எந்த எடிட்டரில் எழுதுவது?

எடிட்டர் என்பது நிரல் எழுதும் மென்பொருள். பைத்தானுக்குத் தோனி. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையினருக்காகவே உருவானது. அதை நிறுவினால் பைத்தானும் சேர்ந்தே வந்துவிடும். நிரலை ஒவ்வொரு அடியாக நிறுத்தி, எந்த வேரியபிளில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். விஎஸ் கோடு நல்ல எடிட்டர்தான், பின்னால் அதற்குத்தான் வருவீர்கள். முதல் மாதத்தில் அதன் நீட்சிகள், வண்ணத் தீம்கள், அமைப்புகள் எல்லாம் வேலை செய்யாமல் இருப்பதற்குக் கிடைக்கும் சாக்குகளாகிவிடும்.

எந்தப் பாடத்தில் கற்பது?

ஒன்றை எடுங்கள், முடியுங்கள். எது என்பதைவிட இதுதான் முக்கியம். ஆனாலும் பெயர் கேட்பீர்கள், சொல்கிறேன்.

ஹார்வர்டின் சிஎஸ்50 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டேவிட் மாலன் பாடம் நடத்தும் விதம் அபாரம், ஆனால் பயிற்சிகள் கடினம்; ஸ்கிராட்ச்சிலிருந்து ஒரே தாவலில் சி-க்குப் போய்விடுவார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்களுக்கு ஏற்றது. பைத்தான் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே குழுவின் சிஎஸ்50பி இருக்கிறது, அதுவே என் முதல் பரிந்துரை. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரிலும் பைத்தானில் தொடங்கும் கணினியியல் அறிமுகப் பாடம் பயிற்சித் தாள்களோடு கிடைக்கிறது.

வலைப்பக்கம் பக்கம் போகிறவர்களுக்கு ஃப்ரீகோடுகேம்ப். 2014-ல் தொடங்கியது, லாப நோக்கமற்றது, உலாவியிலேயே எழுதிப் பழகலாம். சின்னச் சின்னப் படிகளாகக் கைபிடித்துக் கூட்டிச் செல்லும். அந்தக் கைபிடிப்பு சிலருக்கு அதிகமாகிவிடும். அவர்கள் ஓடின் புராஜெக்ட் பக்கம் போகலாம், அங்கே உங்கள் கணினியிலேயே எல்லாவற்றையும் நிறுவி நீங்களே செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் பார்க்க, வலைத்தள மொழிகளை விளக்கும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்கள். ஏற்கெனவே கொஞ்சம் எழுத வந்தவர்களுக்கு எக்சர்சிசம் தளத்தில் பல மொழிகளில் பயிற்சிகள் உண்டு, தன்னார்வலர்கள் உங்கள் நிரலைப் படித்துக் கருத்தும் சொல்வார்கள்.

பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அது வேறு மொழி தெரிந்து பைத்தானுக்கு வருபவர்களை நினைத்து எழுதியது. முதல் முறை படித்துப் புரியவில்லை என்றால் குறை உங்களுடையது அல்ல.

வேறு எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். விடை தராத பயிற்சிகள் அதில் இருக்கின்றனவா? இல்லை என்றால், எவ்வளவு அழகாக விளக்கினாலும், அது பார்த்து ரசிக்க மட்டுமே உதவும்.

வீடியோவா, எழுத்தா?

எது உங்களை விரைவில் கீபோர்டில் கை வைக்கச் செய்கிறதோ அது. எழுத்தில் உள்ள பாடத்தை உங்கள் வேகத்தில் படிக்கலாம், தேடலாம் என்பதால் நான் அதன் பக்கம் சாய்வேன்.

பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் விட்டுப்போவதும் இங்கேதான். பாடத்தைப் பார்க்கும்போது முடிவுகளை எல்லாம் இன்னொருவர் எடுத்துவிடுகிறார்: எதில் தொடங்குவது, இங்கே லூப் வேண்டுமா, இந்த வேரியபிள் எதற்கு. நீங்கள் அந்த முடிவுகள் சரி என்று தலையாட்டுகிறீர்கள். தலையாட்டுவதும் முடிவெடுப்பதும் வேறு வேறு திறமைகள், இரண்டாவது திறமைக்குப் பயிற்சியே கிடைக்கவில்லை.

வழி இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலூட்டும் வழி. ஒரு எடுத்துக்காட்டைப் பார்த்து முடித்ததும் அதை மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் நினைவிலிருந்து எழுதுங்கள். மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிய இடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். நிரல் ஓடியதும் அதில் ஒன்றை மாற்றுங்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கணினி 1 முதல் 100 வரை ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும், நீங்கள் ஊகிக்க வேண்டும், அது "பெரிது", "சிறிது" என்று சொல்லும். ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் இது வரும். பாடம் முடியும் இடத்தில் உங்கள் வேலை தொடங்குகிறது. வாய்ப்புகளை ஏழாகக் குறையுங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தால் நிரல் நொறுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னொரு ஆட்டம்?" என்று கேட்கவையுங்கள். கடைசியில் ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: நீங்கள் எண்ணை நினையுங்கள், கணினி ஊகிக்கட்டும். இங்கேதான் சுவாரசியம். கணினி 1, 2, 3 என்று கேட்டுக்கொண்டே போனால் நூறு முறைகூட ஆகலாம். நடுவில் உள்ள எண்ணைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கினால் அதிகபட்சம் ஏழே ஊகங்கள், ஏனென்றால் இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128, அது நூறைத் தாண்டிவிடுகிறது. பைனரி சர்ச் என்று பாடப்புத்தகங்கள் அச்சமூட்டும் பெயரில் கற்பிப்பதை ஒரு விளையாட்டுக்காக நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

எர்ரர் வந்தால் என்ன செய்வது?

படியுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை; சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பலர் படிக்காமலேயே நிரலை அங்குமிங்கும் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் பாருங்கள், என்ன பிழை என்பது அங்கே இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி எண். அந்த வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள்.

எர்ரரே வராமல் விடை மட்டும் தவறாக வருவது இன்னும் தந்திரமானது. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலில் 5, 5 என்று கொடுத்தால் 55 வருகிறது. பயனரிடம் தகவல் வாங்கும் பைத்தானின் இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகவே தரும், எழுத்துகளைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும்; எண்ணாக மாற்ற நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதேபோல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். உங்கள் கணினி பழுதாகவில்லை. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது, 0.1 அதில் துல்லியமாக அடங்காது. வேறு மொழிகளிலும் இதே கதைதான். இப்படி எங்கே வழிதவறியது என்று தெரியாதபோது, சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்திலும் மதிப்பை பிரிண்ட் செய்து பாருங்கள். அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச் செய்தி முழுசாக, பிரச்சினையைக் காட்டும் அளவுக்குச் சுருக்கிய நிரல். இவ்வளவும் வேண்டும். சுருக்கிக்கொண்டே வரும்போது பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி போன்ற ஏஐ-யிடம் கேட்டே எழுதலாமே? கற்க வேண்டுமா?

ஏஐ எழுதித் தரும், பெரும்பாலும் சரியாகவே. இல்லாத ஃபங்ஷனை இருப்பதாக நினைத்து எழுதுவதும் உண்டு, அதுவும் முழு நம்பிக்கையோடு. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க நிரல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கற்பதைத் தவிர்க்க முடியாது.

கற்கும் காலத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி. விளக்கம் கேளுங்கள்: "இந்தப் பிழைச் செய்தி என்ன சொல்கிறது?", "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" தமிழிலேயே கேட்கலாம். பயிற்சிக்கு விடை கேட்காதீர்கள். மிகவும் சிக்கிக்கொண்டால் "நிரலைத் தராதே, அடுத்து எதை யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள், அப்படியே செய்யும். எடிட்டரில் தானாக வரிகளை நிரப்பித் தரும் கோபைலட் போன்றவற்றை முதல் சில மாதங்களுக்கு அணைத்து வையுங்கள். நீங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே விடை சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும், அதற்கப்புறம் எங்கே யோசிப்பது?

பணம் கட்டிப் படிக்க வேண்டுமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம், இலவசப் பாடங்களே தாராளம். பணம் கொடுப்பதாக இருந்தால் உங்கள் நிரலைப் படித்துத் திருத்தம் சொல்லும் ஒரு மனிதருக்குக் கொடுங்கள். பதிவு செய்த வீடியோக்களின் தொகுப்புக்கு வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் சில மாதங்களில் சொந்தமாகச் சின்ன நிரல்கள் எழுதலாம். வேலைக்குத் தகுதியாக அதைவிட வெகுகாலம் ஆகும், சில வாரத்தில் முடியும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மற்ற ஆறு நாள் தொடாமல் இருந்தால், அடுத்த ஞாயிறு முதல் பாதி பழையதை நினைவுபடுத்துவதிலேயே போகும்.

இரண்டாவது மொழிக்கு எப்போது போகலாம் என்றும் கேட்பார்கள். எந்தப் பாடத்திலும் இல்லாத, உங்களுக்கே தேவைப்பட்ட நூறு வரி நிரல் ஒன்றை எழுதி, ஒரு மாதம் கழித்து அதைத் திறந்து படித்து, புரிந்துகொண்டு மாற்ற முடிந்தால் போகலாம்.

வீட்டில் ஒரு பழைய பைத்தான் புத்தகம் இருக்கிறது. அதில் படிக்கலாமா?

முதல் சில பக்கங்களில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது பைத்தான் 2. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் எடுத்துக்காட்டுகள் இன்றைய பைத்தானில் முதல் வரியிலேயே பிழை காட்டும். அடைப்புக்குறி இருந்தால் அது பைத்தான் 3, பத்து வருடப் பழையதாக இருந்தாலும் அடிப்படைப் பாடங்கள் அப்படியே ஓடும்.